மீனுக்குக் கதவு தெரிய வேண்டும்

வாசகர் கேள்விகளுக்கு மீன் ஏணிகளை வடிவமைத்து ஓய்வுபெற்ற நீரியல் பொறியாளர் ஒருவரின் பதில்கள்

மீன் ஏணியில் மீன்கள் படிக்குப் படி துள்ளித்தான் ஏறுமா? துள்ளத் தெரியாத மீன் என்ன செய்யும்?

முட்டையிடக் கடலிலிருந்து ஆற்றில் ஏறுகிற சால்மன் மீன் துள்ளுவதையே படத்தில் காட்டிக் காட்டி இப்படி ஒரு எண்ணம் வந்துவிட்டது. பெரும்பாலான மீன்கள் துள்ளாது. சால்மன்கூட நீந்திப் போக வழி இருந்தால் நீந்தித்தான் போகும்.

ஏணி என்பது அணையைத் தாண்டி மீன் மேலே போக வரிசையாகக் கட்டிய தொட்டிகள், அவ்வளவுதான். ஒரு தொட்டிக்கும் அடுத்த தொட்டிக்கும் நீர்மட்டத்தில் சின்ன வித்தியாசம் இருக்கும். நடுச்சுவருக்கு மேலாக வழிந்தோ, அடியில் விட்ட துளை வழியாகவோ, மேலிருந்து தரைவரை விட்ட ஒரு பிளவு வழியாகவோ நீர் இறங்கும். என்னைக் கேட்டால் பிளவுதான். ஆற்றில் நீர் ஏறினாலும் இறங்கினாலும் அது வேலை செய்யும். மேலே நீந்துகிற மீன் மேலே போகும், அடியில் ஊர்கிற கெளுத்தி அடியிலேயே போகும். கனடாவில் ஃப்ரேசர் ஆற்றின் ஹெல்ஸ் கேட் இடுக்கில், ரயில் பாதை வேலையின்போது 1914-ல் பாறை சரிந்து சால்மன்களின் வழி அடைபட்டது. 1940-களின் நடுவில் அங்கே பிளவு வகை ஏணிதான் கட்டினார்கள். ஆற்றுமட்டம் அவ்வளவு ஏறி இறங்குகிற இடத்தில் வேறு வகை நிற்காது.

நான் பொறியியல் மாணவன். ஒரு படிக்கு எத்தனை சென்டிமீட்டர் உயரம் என்பதை எப்படி முடிவு செய்கிறீர்கள்?

மீனை அளந்துதான். மட்ட வித்தியாசம் 30 செ.மீ. என்றால் பிளவில் நீர் வினாடிக்குச் சுமார் 2.4 மீட்டர் வேகத்தில் பாயும். 10 செ.மீ. என்றால் 1.4 மீட்டர். இரண்டு, புவியீர்ப்பு முடுக்கம், மட்ட வித்தியாசம் மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்துப் பாருங்கள், வரும். மீன் ஒரே மூச்சில் பாயும்போது வினாடிக்குத் தன் உடல் நீளத்தைப்போல் சுமார் பத்து மடங்கு தூரம் போகும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம், அதுவும் சில வினாடிகளுக்கு மட்டும். நீர் குளிர்ந்தால் இன்னும் குறையும். ஆக, பெரிய சால்மனுக்கு 30 செ.மீ. படி ஒரு பொருட்டே இல்லை. 15 செ.மீ. நீள மீனுக்கு 10 செ.மீ. படியே எல்லை.

இப்போது 12 மீட்டர் உயரம் ஏற வேண்டும் என்று வையுங்கள். முதல் கணக்கில் 40 படி, இரண்டாவதில் 120 படி. பணம் கொடுக்கிறவர்கள் எந்தக் கணக்கை விரும்புவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் போட்ட சண்டைகளில் பாதி இந்த ஒரு எண்ணுக்காகத்தான்.

தொட்டியின் அளவையும் கவனியுங்கள். விழுகிற நீரின் ஆற்றல் தொட்டிக்குள்ளேயே அடங்க வேண்டும். சால்மனுக்கு ஒரு கன மீட்டர் நீருக்குச் சுமார் 200 வாட் வரை விடலாம், சின்ன மீன்களுக்கு அதைவிடக் குறைக்க வேண்டும். தொட்டி சிறுத்தால் நீர் கொந்தளிக்கும், மீனுக்குத் திசை தெரியாது.

எங்கள் பக்கத்து அணையில் ஏணி இருக்கிறது. ஆனால் மீன்கள் ஷட்டருக்குக் கீழே மொய்க்கின்றன, ஏணிப் பக்கம் ஒன்றுகூட வருவதில்லை. கட்டியவர்களோ "இந்த ஆற்று மீனுக்கு ஏணி பழக்கமில்லை" என்கிறார்கள்.

பழி மீன் மேலா? நல்ல கதை.

ஏணி கட்டத் தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள், வாசல் வைக்கத் தெரிந்தவர்கள் குறைவு. மீன் ஓட்டத்தை எதிர்த்து, இனி முடியாது என்கிற இடம்வரை போகும். அந்த இடம் பெரும்பாலும் ஷட்டருக்கோ டர்பைன் வெளியேற்றத்துக்கோ அருகில் இருக்கும். ஏணியின் வாசல் அங்கிருந்து ஐம்பது மீட்டர் கீழே இருந்தால், மீன் அதைத் தாண்டிப் போயிருக்கும். திரும்பி வந்து தேடாது.

அப்புறம், வாசலிலிருந்து வருகிற ஓட்டம். சந்தை இரைச்சலில் யாரோ காதோடு பேசினால் எவ்வளவு கேட்கும்? ஆற்றின் மொத்த ஓட்டத்துக்கு முன்னால் ஏணி நீர் அப்படித்தான். அதனால் வாசலருகே தனிக் குழாயில் கூடுதல் நீர் கொண்டுவந்து சேர்ப்போம். ஆற்று ஓட்டத்தில் சில சதவீதமாவது அங்கிருந்து வர வேண்டும்.

இடித்துக் கட்டச் சொல்வதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். மீன் ஏறும் பருவத்தில் ஏணிக்குப் பக்கத்து ஷட்டரை முதலில் திறக்கும்படி கேளுங்கள். கூட்டம் இடம் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் செலவில்லாமல் பாதிப் பிரச்சினை முடிந்தது.

"பழக்கமில்லை" என்பதில் ஒரு துளி உண்மையும் உண்டு: ஒரு மீனுக்குப் பொருந்துகிற ஏணி இன்னொரு மீனுக்குப் பொருந்தாது. தாய்லாந்தில் 1994-ல் முடிந்த பாக் மூன் அணையின் ஏணி, நூற்றுக்கணக்கான இனங்கள் வாழ்கிற ஆற்றில் சரியாக வேலை செய்யவில்லை. 2001-ல் மதகுகளையே திறந்துவிட்ட பிறகுதான் மீன்கள் மேலே போயின. அங்கும் தவறு வடிவத்தில்தான், மீனிடம் இல்லை.

எவ்வளவு உயரமான அணைக்கும் ஏணி கட்டலாமா?

காகிதத்தில் கட்டலாம். அமெரிக்காவில் கொலம்பியா ஆற்றின் பானவில் அணைக்கு 1938-லேயே ஏணி இருந்தது. அதே ஆற்றில் மேலே இருக்கிற, சுமார் 168 மீட்டர் உயர கிராண்ட் கூலி அணைக்கு ஏணியே இல்லை. சால்மனின் பயணம் அதற்குக் கீழேயே முடிந்துபோனது. அமெரிக்காவிலேயே கனெக்டிகட் ஆற்றின் ஹோலியோக் அணையில் 1955 முதல் மீனைத் தொட்டியோடு லிஃப்டில் தூக்குகிறார்கள். பிரேசில்-பராகுவே எல்லையிலுள்ள இதாய்ப்பு அணையைச் சுற்றி சுமார் 10 கி.மீ. கால்வாய் விட்டு 120 மீட்டர் ஏற்றுகிறார்கள்.

ஏறிய மீனும் அதன் குஞ்சும் எப்படிக் கீழே வரும்?

இதைக் கேட்கிறவர்கள் அபூர்வம், கேட்டதற்கு நன்றி. ஓடும் நீரில் மிதந்து வர வேண்டிய முட்டையும் குஞ்சும் நீர்த்தேக்கத்தில் அசைவில்லாமல் படிந்து மடியலாம். தப்பி வந்தால் டர்பைன். அதற்கு முன்னால் நெருக்கமான சல்லடை வைத்து, மேல்மட்ட நீரில் தனி வழி விட வேண்டும். கீழிறங்கும் வழி வரைபடத்திலேயே இல்லாத ஏணிக்கு நான் கையெழுத்துப் போட்டதில்லை.

விலாங்குக்கும் ஏணி உண்டா?

உண்டு. தொட்டி வேண்டாம். சாய்வுப் பலகையில் தூரிகை நார்களை நட்டு, நனைகிற அளவு நீர் விட்டால் குட்டி விலாங்கு நெளிந்து ஏறிவிடும். உறிஞ்சு வாயால் ஒட்டி ஒட்டி ஏறுகிற, விலாங்கு போன்ற உருவமுள்ள லாம்ப்ரே மீனுக்கு வேறு தொல்லை: கான்கிரீட்டின் கூர்மையான விளிம்பில் வாய் பிடிமானம் விட்டுவிடும். விளிம்பை உருட்டிப் பூசினால் போதும்.