‘என்னென்னேக்கும்’ என்ற ஒரு சொல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, நானும் என் தங்கையும் வீட்டிலேயே மைக் வைத்து எட்டுப் பாட்டுகளைப் பதிவு செய்திருக்கிறோம். ஐந்து எங்கள் சொந்தப் பாட்டு. மூன்று, பாலக்காட்டு நாட்டுப்புறக் கூத்தான பொறாட்டு நாடகத்தில் தாத்தா பாடிவந்த மெட்டுகள். ஸ்பாட்டிஃபையில் விடுவதா, பேண்ட்கேம்பில் விற்பதா, யூடியூப் மட்டும் போதுமா என்று தெரியவில்லை. இதற்கிடையில் ஒரு நிறுவனம் எட்டுக்கும் சேர்த்து 15,000 ரூபாய் தருவதாகவும், முழு உரிமையையும் எழுதித் தரும்படியும் கேட்கிறது. வாங்கிக்கொள்ளலாமா? (வாசகர், வேலந்தாவளம்)

பதில்: தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். கையெழுத்துப் போடாதீர்கள்.

2003-ல் நான் பன்னிரண்டு பாட்டுகள் பாடி ஒரு கேசட் வந்தது. வெளியிட்ட நிறுவனம் 6,000 ரூபாய் கொடுத்தது. கேரள எல்லைக்குள் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் ஒரு டீக்கடை பெஞ்சில் வைத்து முத்திரைத் தாளை நீட்டினார்கள். முழுக்க மலையாளம். தமிழ்ப் பள்ளியில் படித்த எனக்கு அதை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். மூன்றாவது வரியில் ‘என்னென்னேக்கும்’ என்று இருந்தது. என்றென்றைக்கும் என்று பொருள். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மூடி கழற்றிய பேனாவை ஒருவர் நீட்டிக்கொண்டே நின்றார், சுற்றிலும் ஆட்கள், கேள்வி கேட்கக் கூச்சம். போட்டுவிட்டேன். பல வருடம் கழித்து அந்தக் கேசட்டில் ஒரு பாட்டை, என் குரலை, நானே யூடியூபில் ஏற்றினேன். மறுநாளே காப்புரிமைக் கோரிக்கை வந்து நின்றது. அப்புறம்தான் ஒரு வழக்கறிஞர் விளக்கினார். எத்தனை காலத்துக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால், நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி அது ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும். அந்த ஒரு சொல் இல்லாமல் இருந்திருந்தால் 2008-லேயே என் பாட்டு என்னிடம் திரும்பியிருக்கும்.

15,000 ரூபாய் அவசரம் என்றால், காலத்தை எழுதச் சொல்லுங்கள். இரண்டு வருடம், மூன்று வருடம். சம்மதிக்காவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இனி தளங்கள். ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், ஜியோசாவன் எல்லாம் கேட்கும் இடங்கள். அங்கே உங்கள் பாட்டை யாரும் காசு கொடுத்து வாங்கிப்போவதில்லை. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் ஒரு விதி இருக்கிறது. முந்தைய 12 மாதங்களில் 1,000 தடவையாவது ஒலிக்காத பாட்டுக்கு அந்தப் பதிவின் பங்குத்தொகை ஒரு பைசாவும் கிடையாது. எட்டுப் பாட்டில் இரண்டு தாண்டலாம், ஆறு தாண்டாமல் போகலாம். அதனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. திருப்பூருக்கு வேலைக்குப் போன நம் ஊர்ப் பிள்ளைகள் தேடினால் பாட்டு அங்கே கிடைக்க வேண்டும். சம்பாத்தியத்தை மட்டும் அங்கே எதிர்பார்க்காதீர்கள்.

அந்த இடங்களுக்கு நீங்கள் நேராகப் பாட்டைக் கொடுக்க முடியாது. நடுவில் ஒரு விநியோகஸ்தர் வேண்டும். டிஸ்ட்ரோகிட் வருடச் சந்தா வாங்கும், வருமானத்தில் பங்கு கேட்காது. ஆனால் சந்தாவை நிறுத்தினால், தனியாகக் கட்டணம் கட்டி வைத்திருந்தால் ஒழிய, பாட்டுகள் இறங்கிவிடும். சிடி பேபி ஒரு வெளியீட்டுக்கு ஒரு தடவை கட்டணம் வாங்கி, வருமானத்தில் 9 சதவீதம் எடுக்கும். ரூட்நோட்டில் காசு கட்டாமலே சேரலாம், அவர்கள் பங்கு 15 சதவீதம். மாதம் ஒரு பாட்டு விடுகிறவர்களுக்குச் சந்தா சரிப்படும். எட்டுப் பாட்டை வைத்துக்கொண்டு அடுத்தது எப்போது என்று தெரியாத வீட்டுக்கு வருடா வருடம் கட்டும் கணக்கு ஒத்துவராது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் பங்கு கொடுக்கும் வழியைத்தான் எடுப்பேன். பாட்டுக்கு ஒன்றாக ஐஎஸ்ஆர்சி என்ற, எழுத்தும் எண்ணும் சேர்ந்த 12 இடக் குறியீடு தருவார்கள். அதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாளைக்கு விநியோகஸ்தரை மாற்றினாலும் அதே குறியீட்டைக் கொடுத்தால்தான் பழைய கேட்பு எண்ணிக்கை கூடவே வரும்.

விற்பனைக்கு என் மனம் பேண்ட்கேம்பின் பக்கம்தான். டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுப்பார்கள். விலையை நீங்களே வைக்கலாம், விரும்புகிறவர் கூடுதலாகக் கொடுக்கவும் வழி உண்டு. 5 டாலருக்கு விற்றால் 4.25 டாலர், அதில் பணப் பரிமாற்றக் கட்டணம் போக மீதி உங்களுக்கு. இதையெல்லாம் விட எனக்குப் பெரிதாகப் படுவது, வாங்கியவரின் மின்னஞ்சல் முகவரி உங்கள் கைக்கு வருகிறது என்பதுதான். கேசட் காலத்தில் பாலக்காட்டுச் சித்தூரில் நடக்கும் கொங்கன்படைத் திருவிழாவில் தரையில் தார்ப்பாய் விரித்து விற்றேன். வாங்கியவர்களிடம் ஒரு நாற்பது பக்க நோட்டை நீட்டி முகவரி எழுதச் சொன்னேன். பாதிப் பேர் மலையாளத்தில் எழுதினார்கள், பாதிப் பேர் தமிழில். நிறுவனம் என் பாட்டை எடுத்துக்கொண்டது, அந்த நோட்டை எடுக்க முடியவில்லை. அடுத்த பாட்டுக்கு அஞ்சலட்டை போட்டபோது வந்து வாங்கியவர்கள் அதில் இருந்தவர்கள்தான்.

பேண்ட்கேம்பில் நமக்கு ஒரு சிக்கல் உண்டு. பணம் பேபால் வழியாக வரும். இந்தியாவில் இருப்பவர் இந்தியாவில் இருப்பவருக்கே பணம் அனுப்பும் சேவையை பேபால் 2021 ஏப்ரல் 1 முதல் நிறுத்திவிட்டது. ஆகவே துபாயில் இருக்கும் மாமாவுக்கும் சிங்கப்பூர்த் தமிழருக்கும் அந்தக் கடை. உள்ளூர்க்காரர்களுக்கு யூபிஐ க்யூஆர் அட்டையை நீட்டுங்கள், பாட்டைப் பென்டிரைவில் கொடுங்கள். வேலந்தாவளம் சந்தைக்குத் தக்காளி ஏற்றிவரும் வண்டிகளில் பென்டிரைவ்தான் பாடுகிறது, அதை நீங்களே தினமும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

பதிவுகளை, ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாகவே இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். எம்பி3 ஆக்கிவிட்டு மூலத்தை அழித்தால் இழந்த ஒலி திரும்பாது.

தாத்தாவின் மூன்று மெட்டுகளுக்கு இசை என்ற இடத்தில் உங்கள் பெயரைப் போடாதீர்கள், ‘மரபு’ என்று போடுங்கள். பதிவு உங்களுடையது, மெட்டு ஊருக்குப் பொது. ஒரே ஒலி வேறு வீடியோவில் வந்தால் தானாகக் கண்டுபிடித்து உரிமை கோரும் யூடியூபின் கண்டென்ட் ஐடியில் சேர்க்கவா என்று விநியோகஸ்தர் கேட்டால் இந்த மூன்றுக்கும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அதே மெட்டைப் பாடும் இன்னொரு பொறாட்டுக் குழுவின் வீடியோ உங்கள் பெயரில் வரும் உரிமைக் கோரிக்கையில் மாட்டிக்கொள்ளக்கூடும். எனக்கு நேர்ந்தது அவர்களுக்கு நேர வேண்டாம், தம்பி.

கேள்வி: விநியோகஸ்தர் பணம் தருகிறார் என்றால் ஐபிஆர்எஸ்-ல் எதற்காகச் சேர வேண்டும்? (வாசகி, கோபாலபுரம்)

பதில்: அது வேறு பணம், அம்மா. விநியோகஸ்தர் தருவது ஒலிப்பதிவுக்கு. 1969-ல் தொடங்கிய ஐபிஆர்எஸ் என்ற சங்கம் வசூலிப்பது பாட்டு எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும். நீங்களே எழுதி மெட்டமைத்திருந்தால் சேருங்கள்.

கேள்வி: எங்கள் பாட்டில் தமிழும் மலையாளமும் கலந்து வருகிறது. பதிவேற்றும்போது மொழி என்ற இடத்தில் எதைப் போடுவது? நாங்கள் இருப்பது கேரளம். (வாசகர், மீனாட்சிபுரம்)

பதில்: வீடு எந்த மாநிலம் என்று அங்கே கேட்கவில்லை. ஒவ்வொரு பாட்டாக எடுத்து, பல்லவி எந்த மொழியோ அதைப் போடுங்கள். நம் பக்கத்துப் பாட்டைக் கேரளம் என்பதற்காக மலையாளம் என்று போட்டால், தமிழில் தேடுகிறவர் கண்ணில் அது படாமலே போய்விடும்.