பழைய கணக்கு மென்பொருள் விண்டோஸ் 11-இல் ஓடுமா?

கேள்வி: எங்கள் அலுவலகக் கணக்கு மென்பொருள் இன்னும் விண்டோஸ் எக்ஸ்பியில்தான் ஓடுகிறது. எழுதிக் கொடுத்தவர் தொடர்பில் இல்லை. கணினியும் மக்கர் செய்கிறது. விண்டோஸ் 11-க்கு மாற்ற, முழுவதையும் புதிதாக எழுத வேண்டும் என்று முன்பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். மென்பொருளைத் திறந்துகூடப் பார்க்காமல் ‘புதிதாக எழுதணும்’ என்பவர்கள்தான் அதிகம்.

முதலில் டேட்டா முழுவதையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுங்கள். அப்புறம் பழைய கணினியில் டாஸ்க் மேனேஜரைத் திறந்துகொண்டு மென்பொருளை ஓட்டுங்கள். பிராசஸ் பட்டியலில் ‘என்டிவிடிஎம்’ (ntvdm.exe) என்று ஒன்று புதிதாகத் தலைகாட்டினால் அது 16 பிட் மென்பொருள், அதாவது மிகப் பழைய தலைமுறை; விண்டோஸ் 11-இல் நேரடியாக ஓடாது. வராவிட்டால் 32 பிட், அதாவது அதற்கு அடுத்த தலைமுறை. அது பெரும்பாலும் அப்படியே ஓடும். விஷுவல் பேசிக் 6 என்ற பழைய புரோகிராமிங் மொழியில் எழுதியதாக இருந்தாலும் பயமில்லை.

இதில் ஒரு சிக்கல் பலரை ஏமாற்றுகிறது. மென்பொருள் 32 பிட்டாக இருக்கும். அதை நிறுவும் செட்டப் ஃபைல் மட்டும் 16 பிட்டாக இருக்கும். செட்டப்பைத் தட்டினால் ‘இந்தக் கணினியில் இயங்காது’ என்று விண்டோஸ் ஒரு வரியில் முடித்துவிடும். எது இயங்காது, ஏன் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? அந்த ஒரு வரியைக் காட்டியே உங்களிடம் பணம் கறப்பார்கள். செட்டப் ஓடாததால் மென்பொருளே ஓடாது என்று ஆகிவிடாது. பழைய கணினியில் அது நிறுவப்பட்டிருக்கும் ஃபோல்டரை அப்படியே கொண்டுவந்து, அதற்குத் தேவையான துணை ஃபைல்களை (டிஎல்எல், ஓசிஎக்ஸ்) விண்டோஸில் பதிவு செய்தால் பல மென்பொருள்கள் ஓடிவிடும். விவரம் தெரிந்தவருக்குச் சின்ன வேலை. ஃபோல்டரை ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ உள்ளே வைக்காதீர்கள். அங்கே எழுதும் டேட்டாவை விண்டோஸ் சத்தமில்லாமல் வேறு இடத்துக்குத் திருப்பிவிடும். நீங்கள் வெறும் ஃபோல்டரை பேக்கப் எடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

16 பிட்தான் என்றால், விர்ச்சுவல்பாக்ஸில் (கணினிக்குள் இன்னொரு கணினிபோல இயங்கும் மென்பொருள்) எக்ஸ்பியை நிறுவி அதற்குள் ஓட்டலாம். ஆனால் அந்த எக்ஸ்பிக்கு இணைய இணைப்பு கூடவே கூடாது. மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலேயே வழக்கமான பாதுகாப்பு அப்டேட்களை நிறுத்தி அதைக் கைகழுவிவிட்டது.

இத்தனையும் பார்த்த பிறகும் புதிதாக எழுதத்தான் வேண்டும் என்றால் எழுதுங்கள். ஆனால் சோர்ஸ் கோடு (மென்பொருளின் மூல நிரல்) உங்கள் கைக்கு வரும் என்று எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம்.