ருமேனியாவுக்கு வெல்டிங் வேலைக்குப் போகிறவர் என்ன உடுத்த வேண்டும்?

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். 26 வயதான அவருடைய தம்பி ஜனவரி முதல் வாரத்தில் ருமேனியாவின் பிராஷோவ் பகுதிக்குப் புறப்படுகிறார். களஞ்சியக் கட்டடம் ஒன்றுக்கு இரும்புச் சட்டகம் நிறுத்தும் இடத்தில், பெரும்பாலும் திறந்த வெளியில், வெல்டிங் வேலை. அனுப்பி வைக்கும் முகவர் 'குளிர் உடுப்புப் பொதி' என்று 85,000 ரூபாய் கேட்கிறாராம். '-30' என்று அட்டை தொங்கும் தடித்த ஜக்கெட் ஒன்று, பருத்தியில் தைத்த இரண்டு சோடி உள்ளுடுப்பு, கையுறை, தொப்பி, சப்பாத்து ஆகியவை அந்தப் பொதிக்குள் இருக்கின்றன. இது போதுமா, இதையே புறக்கோட்டையில் மலிவாகச் சேர்த்துக்கொள்ளலாமா என்று சகோதரி கேட்கிறார். தம்பி இதுவரை கண்ட பெருங்குளிர் நுவரெலியாவில்தான் என்றும் எழுதியிருக்கிறார்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பொதியை வாங்க வேண்டாம். அதே பொருட்களைப் புறக்கோட்டையில் பாதி விலைக்குத் தேடியும் அலைய வேண்டாம். பொதியில் விலை கூடிய பொருள் ஜக்கெட். அதைக் கொடுக்க வேண்டியவர் அங்கே வேலை கொடுக்கிறவர். தம்பி இங்கிருந்து கட்டாயம் கொண்டுபோக வேண்டியது தோலோடு ஒட்டிய உள்ளுடுப்பு. அந்தப் பொதியில் இருப்பதோ அதற்குக் கொஞ்சமும் பொருந்தாத துணி.

நுவரெலியாவின் மிகக் கடுமையான விடியற்காலையில் புல்லின் மேல் உறைபனி படியும். வெயில் ஏறியதும் அது போய்விடும். பிராஷோவ் மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு. குளிர்ந்த காற்று அங்கே இறங்கித் தேங்கி நிற்கும். ருமேனியாவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை, 1942 ஜனவரி 25 அன்று பிராஷோவுக்கு அருகேயுள்ள போட் என்ற கிராமத்தில் பதிவான -38.5 பாகை. அப்படியான நாள் தம்பிக்கு வாய்க்காமல் போகலாம். ஆனால் ஜனவரி இரவுகளில் -10 பாகைக்குக் கீழே போவது அங்கே புதினம் அல்ல. அத்துடன் காற்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். -10 பாகையில் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசினால், மூடாத தோலுக்கு அது -20 பாகை போலத் தாக்கும்.

துணி சூட்டை உண்டாக்குவதில்லை. சூடு உடம்பிலிருந்தே வருகிறது. உடம்பைச் சுற்றி அசையாத காற்றைப் பிடித்து வைத்திருப்பதுதான் துணியின் வேலை. அந்தக் காற்று இருந்த இடத்தில் வியர்வை ஊறிவிட்டால் உடுப்பு குளிரின் பக்கம் சேர்ந்துவிடுகிறது, ஏனென்றால் தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். தம்பி இரும்புத் துண்டுகளைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறும்போது கால் மணி நேரத்தில் வியர்த்துவிடுவார். பிறகு ஒரே இடத்தில் அசையாமல் குனிந்து நின்று வெல்டிங் பிடிப்பார். பருத்தி உள்ளுடுப்பு அந்த வியர்வையைக் குடித்து, விடாமல் வைத்துக்கொண்டு, முதுகில் ஒட்டிக்கொள்ளும். அவருடைய நடுக்கம் அப்போதுதான் தொடங்கும். நமது ஊர் வெயிலில் பருத்தியை நல்ல துணியாக்குகிற அதே குணம் அங்கே ஆளை வீழ்த்துகிறது. இதே காரணத்துக்காக டெனிம் காற்சட்டையும் ஆகாது, அதுவும் பருத்திதான். போகிறவர்களில் பாதிப் பேர் டெனிமைத்தான் 'தடிப்பான காற்சட்டை' என்று நம்பிப் பெட்டியில் அடுக்குகிறார்கள்.

அடுக்கு என்பது மூன்று வேலைகளை மூன்று துணிகளிடம் பிரித்துக் கொடுப்பது. உள்ளே இருப்பது உடம்போடு ஒட்டி, மெல்லியதாக, வியர்வையைத் தோலிலிருந்து எடுத்து வெளியே தள்ள வேண்டும். நடுவில் இருப்பது காற்றைப் பிடித்து வைக்க வேண்டும். ஒரு தடித்த சுவெட்டரைவிட இரண்டு மெல்லியவை நல்லவை, ஏனென்றால் இரண்டுக்கும் இடையிலும் காற்று நிற்கும், வேண்டாதபோது ஒன்றைக் கழற்றவும் முடியும். வெளியே இருப்பது காற்றையும் பனியையும் தடுக்க வேண்டும். உள்ளேயுள்ள அடுக்குகளை நசுக்காமல் தளர்வாக இருக்க வேண்டும். வேலை தொடங்கும்போது இலேசாகக் குளிர்வதுதான் சரியான அளவு. உடம்பு சூடேறியதும், வியர்க்கும் முன்னரே, ஒரு அடுக்கைக் கழற்ற வேண்டும். வேலை நின்றதும், குளிர் தெரியும் முன்னரே, அதைத் திரும்பப் போட வேண்டும். இதைத் தம்பிக்கு இரண்டு தடவை சொல்லுங்கள்.

தம்பி மேசனாகவோ களஞ்சியத் தொழிலாளியாகவோ போகிறவர் என்றால் நான் பொலியெஸ்டர் உள்ளுடுப்பு வாங்கச் சொல்லி நிறுத்தியிருப்பேன். நமது நாட்டுத் தொழிற்சாலைகள் வெளிநாட்டு விளையாட்டு உடுப்பு நிறுவனங்களுக்கு அவற்றைத் தைத்து அனுப்புகின்றன. ஏற்றுமதியில் மிஞ்சியவை கொழும்புக் கடைகளில் நியாயமான விலைக்குக் கிடைக்கின்றன. ஆனால் அவர் வெல்டர். பொலியெஸ்டரும் நைலோனும் அக்ரிலிக்கும் சூட்டில் உருகும். வெல்டிங் பொறி ஒன்று கழுத்துப் பக்கமாக உள்ளே விழுந்தால், உருகிய துணி பிசினைப் போலத் தோலில் ஒட்டிக்கொண்டு எரியும். உரித்தெடுக்கும்போது தோலும் சேர்ந்து வரும். மெத்தென்று இருக்கும் 'பிளீஸ்' மேலங்கியும் இதே பொலியெஸ்டர்தான். பஞ்சுபோல இருப்பதால் அது இன்னும் விரைவில் பற்றும். ஆகவே வெல்டருக்கு உள் அடுக்கும் நடு அடுக்கும் கம்பளியாக இருக்க வேண்டும். கம்பளி எளிதில் பற்றாது, உருகாது, நெருப்பை எடுத்தால் தானாக அணைந்துவிடும். தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பிறகும் தோலுக்கு நனைந்ததாகத் தெரியாது.

பருத்தி ஆகாது என்று மேலே சொன்னேன். வெல்டருக்கு வெளி அடுக்கில் மட்டும் பருத்தி ஆகும். ஆகும் என்பது மட்டுமல்ல, தீப்பற்றாதபடி பதப்படுத்திய தடித்த பருத்தியோ, பதனிட்ட மாட்டுத் தோல் போன்ற தோலுடையோதான் அங்கே வேண்டும். வெளியே இருக்கும் துணி வியர்வையில் ஊறுவதில்லை. பொறி விழுந்தால் பருத்தி கருகும், உருகி ஒட்டாது. ஆகவே உள்ளே கம்பளி, நடுவில் கம்பளி, வெளியே வெல்டிங் மேலுடை என்பதே அவருடைய ஒழுங்கு. மழை, பனிக்கான நைலோன் ஜக்கெட்டை வெல்டிங் பிடிக்காத நேரத்தில் மட்டும் மேலே போடலாம். பிடிக்கத் தொடங்கும் முன் கழற்றிவிட வேண்டும். அந்த ஜக்கெட்டில் பொறி பட்டால் சிறு துளைகள் விழுந்து, இரண்டு வாரத்தில் அது காற்றையும் தடுக்காது, தண்ணீரையும் தடுக்காது. தலைமூடியின் ஓரத்தில் செயற்கை உரோமம் வைத்துத் தைத்த ஜக்கெட்டுகளை வெல்டர் தொடவே கூடாது. காற்சட்டையின் கீழ் விளிம்பை மடித்து விடக் கூடாது, மூடியில்லாத பையும் இருக்கக் கூடாது. பொறிகள் அங்கேதான் போய்த் தங்கும். சப்பாத்தின் மேல்வாய்க்கு வெளியே காற்சட்டை இறங்கி நிற்க வேண்டும். இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் வட சுவீடனில் ஒரு கட்டுமானத் தளத்தில் இரண்டு குளிர்காலங்கள் பாதுகாப்பு அலுவலராக இருந்தபோது, நம்மவர் ஒருவர் பிளீஸ் மேலங்கியோடு வெல்டிங் பிடித்து, மார்பில் உள்ளங்கை அளவுக்குக் காயப்பட்டார். அந்த மேலங்கியைக் குளிருக்கு நல்லது என்று அவருக்கு விற்றவரும் ஒரு முகவர்தான்.

கம்பளி என்று சொல்லி விற்பதெல்லாம் கம்பளி அல்ல. நுவரெலியாக் கடைத்தெருவிலும் புறக்கோட்டையிலும் 'கம்பளி சுவெட்டர்' என்று கொடுப்பவற்றில் பெரும்பாலானவை அக்ரிலிக். தையலின் உட்பக்கத்திலுள்ள லேபலில் என்ன நூல், எத்தனை வீதம் என்று எழுதியிருக்க வேண்டும். லேபல் வெட்டப்பட்டிருந்தால் வாங்காதீர்கள். சந்தேகம் இருந்தால், உள்மடிப்பிலிருந்து இரண்டு நூலை இழுத்தெடுத்து, வீட்டில் ஒரு பீங்கான் தட்டின் மேல் வைத்துத் தீக்குச்சியால் கொளுத்திப் பாருங்கள். கம்பளி தலைமயிர் கருகும் மணத்தோடு சுருண்டு, விரலால் நசுக்கினால் தூளாகும். பருத்தி கடதாசி எரியும் மணத்தோடு எரிந்து சாம்பலாகும். பொலியெஸ்டரும் அக்ரிலிக்கும் உருகி, ஆறிய பிறகு நசுக்க முடியாத கடின மணியாக நிற்கும். அந்த மணிதான் பொறி விழும்போது தம்பியின் தோலில் உண்டாவது. துணித் தரம் பார்க்கும் வேலையில் 17 வருடங்கள் இருந்திருக்கிறேன்; இயந்திரங்கள் எத்தனை வந்தாலும் முதலில் செய்து பார்ப்பது இந்தச் சோதனையைத்தான்.

இனி அந்த '-30' அட்டை. ஓர் உடுப்பு எத்தனை பாகைக் குளிரைத் தாங்கும் என்பது, அதை உடுத்தவர் அசையாமல் நிற்கிறாரா, நடக்கிறாரா, பாரம் தூக்குகிறாரா, எத்தனை மணி நேரம் வெளியே இருக்கிறார், உள்ளே வேறு என்ன உடுத்தியிருக்கிறார் என்பவற்றைப் பொறுத்தது. ஐரோப்பாவில் கடுங்குளிருக்கான பாதுகாப்பு உடைகளுக்கு ஈ.என். 342 என்ற தரநிலை உண்டு. அதன்படி சோதிக்கப்பட்ட உடுப்பின் லேபலில் பனிப்பூப் படமும் அதன் அருகில் எண்களும் இருக்கும். வெறும் '-30' என்று அச்சடித்த கடதாசிக்கு எந்தப் பொருளும் இல்லை; அதை எந்த அச்சகத்திலும் அடிக்கலாம். இப்படியான அட்டைகளை யாரும் சோதிப்பதும் இல்லை, தடுப்பதும் இல்லை. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களை வரிசையில் நிறுத்தி, படிவம் நிரப்பி, கையொப்பம் வாங்கி அனுப்புகிற ஏற்பாடுகள் எத்தனையோ இருக்கின்றன. ஆனால் குளிர்நாட்டுக்குப் போகிறவர் தோலோடு எந்தத் துணியை உடுத்த வேண்டும் என்று தமிழில் எழுதிய ஒரு துண்டுப் பிரசுரம்கூட இத்தனை வருடங்களில் என் கையில் கிடைத்ததில்லை. அந்த வெற்றிடத்தில்தான் இந்தப் பொதி வியாபாரம் நடக்கிறது. பொதி வாங்காவிட்டால் விசா தாமதமாகும் என்று சில முகவர்கள் சொல்வார்கள். உடுப்புக்கும் விசாவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. முகவருடைய உரிமம் செல்லுபடியாகிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பாருங்கள். கொடுக்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும், எதற்காக என்று எழுதிய பற்றுச்சீட்டு வாங்குங்கள். 'குளிர் உடுப்பு' என்று பற்றுச்சீட்டில் எழுதக் கேட்டதும் பலர் அந்தப் பேச்சை விட்டுவிடுவார்கள்.

ருமேனியா 2007ஆம் ஆண்டிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடு. வேலைக்குத் தேவையான பாதுகாப்புச் சாதனங்களை வேலை கொடுப்பவர் இலவசமாகத் தர வேண்டும் என்பது ஒன்றியத்தின் 1989ஆம் ஆண்டுச் சட்ட விதி. வெல்டிங் மேலுடை, முகமூடி, தலைக்கவசம், பாதுகாப்புச் சப்பாத்து, கையுறை ஆகியவை அதில் அடங்கும்; மழையிலும் குளிரிலும் திறந்த வெளியில் வேலை செய்வதற்கான மேலுடையையும் அங்கேயே கேட்க வேண்டும். புறப்படும் முன், ஒப்பந்தத்தில் இது எந்தப் பந்தியில் இருக்கிறது என்று முகவரைக் காட்டச் சொல்லுங்கள். ஒப்பந்தம் தமிழில் இல்லாவிட்டால், வாசித்துப் பொருள் சொல்லக்கூடிய ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். வாசிக்காமல் கையொப்பம் இடுவதற்கு மட்டும் தம்பியை விடாதீர்கள். வெல்டிங் உடுப்பின் லேபலில் ஐ.எஸ்.ஓ. 11611 என்றும், சப்பாத்தில் குளிர்த் தடுப்பைக் குறிக்கும் 'சீ', 'ஐ' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளும் இருக்கின்றனவா என்று அங்கே போனதும் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

சப்பாத்துக்கு ஒரு குறிப்பு. இரண்டு சோடிக் காலுறையை நெருக்கிப் போட்டால் இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் விரைவாக விறைக்கும். ஒரு தடித்த கம்பளிக் காலுறை, அதைப் போட்ட பிறகும் விரல்களை அசைக்க இடமுள்ள சப்பாத்து, அவ்வளவு போதும். மதிய இடைவேளையில் காலுறையை மாற்ற வேண்டும். தலைக்கவசத்தின் கீழே தடித்த தொப்பி போடக் கூடாது, கவசம் தலையில் அமராது. காதையும் கழுத்தையும் மூடும் மெல்லிய கம்பளி உறையே அதற்குரியது. வெறுங்கையால் இரும்பைத் தொடக் கூடாது. விரலோ காதோ வலித்து, பிறகு வலி நின்று மரத்துப்போனால் அது ஆறுதல் அல்ல, உறையத் தொடங்கிவிட்டது என்று பொருள். உடனே உள்ளே போக வேண்டும், தேய்க்கக் கூடாது, நெருப்பில் காட்டக் கூடாது.

ஆக, கொழும்பில் வாங்க வேண்டியவை இரண்டு சோடி மெல்லிய கம்பளி உள்ளுடுப்பு, நான்கு சோடி கம்பளிக் காலுறை, முன்பக்கம் திறக்கக்கூடிய ஒரு கம்பளி சுவெட்டர், மெல்லிய தலையுறை ஒன்று. மெரினோ என்ற செம்மறி இனத்தின் மெல்லிய கம்பளியில் செய்த நல்ல உள்ளுடுப்பு இங்கே அரிது. ஒரு சோடிதான் கிடைத்தால் அதோடு போகட்டும், மற்றதை இறங்கிய முதல் வாரத்திலேயே அங்கே வாங்கலாம். முகவருக்குக் கொடுக்க வைத்த பணத்தில் ஒரு பகுதியை அதற்காகக் கையில் கொடுத்துவிடுங்கள். அங்கே பழைய உடுப்புக் கடைகள் நிறைய உண்டு. நல்ல கம்பளி சுவெட்டர் அவற்றில் மலிவாகக் கிடைக்கும், தீக்குச்சிச் சோதனையை மறக்காமல் இருந்தால் சரி. ஒரு சோடி உடம்பில் இருக்கும்போது மற்றதைக் குளிர்ந்த தண்ணீரில் அலசி, பிழியாமல் துவாயில் சுற்றி அழுத்தி, விடுதி அறைக்குள்ளேயே விரித்துக் காயப்போட வேண்டும். சுடுதண்ணீரில் போட்டால் கம்பளி சுருங்கி, அடுத்த நாள் தம்பிக்குப் பொருந்தாது.