கதிரை போட்டவர்

அன்புள்ள ரீச்சர்,

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபடைக் கைதிகளைத் தென்தரப்பு அடைத்துவைத்த அண்டர்சன்வில் சிறைமுகாமை நடத்திய கப்டன் ஹென்றி வேர்ஸ் பற்றி அண்மையில் அறிந்தேன். மேலிடம் சாப்பாடும் மருந்தும் அனுப்பாவிட்டால் அந்த மனிதர் என்ன செய்வார்? அந்தப் போருக்காகத் தூக்கில் போடப்பட்ட ஒரே ஆளும் அவர்தானாம். பலிக்கடா ஆக்கிவிட்டார்கள் என்றே எனக்குப் படுகிறது. அப்படியான இடத்தில் ஒருவர் நல்ல அதிகாரியாக இருக்க முடியுமா? என் பெரியப்பாவையும் 1990இல், இங்கத்தைய போர்க்காலத்தில், கொண்டுபோனார்கள், அதனால்தான் கேட்கிறேன்.

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகர்

அன்பான தம்பி,

பெரியம்மாவின் திவசம் முடிந்த அடுத்த நாள் உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

'ஒரே ஆள்' என்று எங்கே பிடித்தீர்கள்? வீடியோவில் யாரும் சொன்னால் அப்படியே விழுங்குவதா? சாம்ப் ஃபெர்குசன் என்ற கெரில்லாத் தலைவனை 1865 ஒக்டோபரிலேயே நாஷ்வில்லில் தூக்கில் போட்டுவிட்டார்கள். வேர்ஸின் முறை வந்தது நவம்பர் 10. அது கிடக்கட்டும்.

பலிக்கடாவா என்றால், பாதி ஆம். அவருக்கு மேலே இருந்த ஜெனரல் விண்டர் விசாரணைக்கு முன்பே செத்துப்போனார். கூண்டில் ஏற்ற மிஞ்சியது சூரிச்சில் பிறந்து பிழைப்புத் தேடி வந்த இந்தக் கப்டன். 1864 ஏப்ரலில் பொறுப்பெடுத்தார். பத்தாயிரம் பேருக்கென்று அடைத்த வேலிக்குள் ஓகஸ்டில் 32,000க்கு மேல் சனம். ஏறக்குறைய 13,000 பேர் வயிற்றோட்டத்திலும் பட்டினியிலும் செத்தார்கள். சாப்பாட்டுக்கு மேலிடத்தைச் சொல்லலாம், சரி. சுற்றிவரப் பைன் காடு இருக்க, உள்ளே கிடந்தவர்களுக்குக் கூரை இல்லையே, அதற்கு யாரைச் சொல்வது?

எனக்கு அந்தக் கதையில் பெரிய ஆள் வேர்ஸ் இல்லை, டொரென்ஸ் அட்வாட்டர். அவனும் கைதிதான், இருபது வயதுகூட ஆகாதவன். செத்தவர்களின் பெயரைப் பதிகிற வேலையை அவனுக்குக் கொடுத்திருந்தார்கள். குழிக்கு மேலே கட்டையில் இலக்கம் மட்டும் இருக்கும், பெயர் கொப்பியில். அந்தக் கொப்பி நாளைக்குக் காணாமல் போகும் என்று பயந்து, அவன் களவாக இன்னொரு பிரதி எழுதி வைத்துக்கொண்டான். 1865 கோடையில், போரில் காயப்பட்டவர்களைப் பராமரித்த கிளாரா பார்ட்டனோடு அவன் திரும்பிப் போனபோதுதான் குழிகளுக்குப் பெயர் வந்தது. பெயர் தெரியாமல் மிஞ்சியவை 460 அளவில்தான். அப்புறம் என்ன நடந்தது தெரியுமா? அந்தப் பட்டியல் யாருக்குச் சொந்தம் என்ற சண்டையில் அவனுடைய சொந்த அரசாங்கமே அவனைச் சிறையில் போட்டது.

எங்கள் வீட்டில் அட்வாட்டர் இருக்கவில்லை.

90இல் சுற்றிவளைப்பொன்றில் பெரியம்மாவின் மகனைத் முகத்தை மூடிக்கொண்டு ஆள் காட்டிக்கொடுக்கும் தலையாட்டிக்கு முன்னால் நிறுத்தி ஏற்றிக்கொண்டு போனார்கள். பெரியம்மாவும் நானும் தினமும் காம்ப் வாசலுக்குப் போவோம், இடியப்பமும் மீன் சொதியும் கொண்டு. அங்கே பொறுப்பாயிருந்தவர் மரியாதையான மனிதர். பெரியம்மாவைக் கண்டால் சென்றியில் நிற்கும் பெடியனைக் கொண்டு கதிரை போடுவிப்பார். "அம்மா, நாளைக்கு விடுறது" என்பார், தெரிந்த தமிழில். பின்னேரம் கிண்ணம் திரும்பி வரும், கழுவித் துடைத்து.

ஒரு நாள் நான் கேட்டேன், பெயரை எழுதி ஒரு துண்டு தாருங்கள் என்று. "என்னை நம்பிக்கை இல்லையா மிஸ்?" என்று சிரித்தார். வெட்கப்பட்டுப் பேசாமல் வந்துவிட்டேன். அந்த வெட்கத்தை நினைத்தால் இப்பவும் எனக்கு எரிகிறது.

சில மாதத்தில் அவருக்குப் பதவி உயர்வு, மாற்றம். புதிதாக வந்தவர், அப்படி ஒருவரும் இங்கே இருக்கவில்லை என்றார். ஏதாவது கொப்பி இருந்தால் காட்டச் சொன்னார். எங்களிடம் கிண்ணம்தான் இருந்தது.

இத்தனைக்கும், சாகும்வரை பெரியம்மா அந்த முதல் ஆளைக் குறை சொல்ல விடமாட்டா. "கதிரை போட்ட மனிசன் புள்ள" என்பா. அவர் நல்லவராகவே இருக்கட்டும், எனக்கு அது தேவையில்லை. வாய்க்கு வந்தபடி ஏசுகிற, கதிரையே தராத ஒருவன் அந்த வாசலில் இருந்து, உள்ளே போகிறவனின் பெயர், திகதி, நேரத்தைக் கொப்பியில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் அவனைக் கும்பிட்டிருப்பேன். நீங்கள் நல்ல அதிகாரியைத் தேடுகிறீர்கள் தம்பி. நான் முப்பது வருசத்துக்கு மேலாக ஒரு சீ.ஆர். கொப்பியை, அந்தத் தடித்த மட்டைப் பதிவுக் கொப்பியைத் தேடுகிறேன்.

இப்போது உங்களுக்கு ஏச்சு. வேர்ஸின் பட்டம், ஊர், தூக்குமேடை எல்லாம் தேடித் தெரிந்துகொண்ட பிள்ளை, சொந்தப் பெரியப்பாவை அரை வரியில் முடித்திருக்கிறீர்கள். பெயர் இல்லை. எந்த மாதம், எந்தச் சந்தி, யார் கண்டது, ஒன்றும் இல்லை. உங்கள் அப்பாச்சி இருக்கிறாவா? இருந்தால் இந்தச் சனிக்கிழமையே போய்ப் பக்கத்தில் இருங்கள். அவசரப்படுத்தாமல் கேளுங்கள். அன்றைக்கு என்ன உடுத்திருந்தார், சாப்பிட்டுவிட்டா போனார் என்பதிலிருந்து தொடங்கினால் மற்றது தானாக வரும்.

எங்கள் அண்ணன் நீலக் கட்டச் சாரம், வெள்ளை பெனியன். அடையாள அட்டை சட்டைப்பையில் இருந்தது, சட்டை கொடியில். சாப்பிடவில்லை.