இரவு இரண்டு மணிக்கும் சுவர் சுடுகிறது

கேள்வி: வேலூரில் மூன்று மாடிக் கட்டடத்தின் மேல்தள வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டில் நான், கணவர், நான்கு வயது மகள், 74 வயது மாமனார். சித்திரை பிறந்ததிலிருந்து தூக்கம் இல்லை. இரவு இரண்டு மணிக்குச் சுவரில் கை வைத்தாலும் சுடுகிறது. ஏசி வாங்க வசதியில்லை. மாமனார் இரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறார். தண்ணீர் கொடுத்தால் "தாகம் இல்லை" என்று தள்ளிவிடுகிறார். "வேலூரில் பிறந்தவளுக்கு வெயில் புதிதா?" என்கிறார் கணவர். போன வாரம் மதியம், சோற்றைத் துப்பிவிட்டாள் என்று மகளை ஓங்கி அறைந்துவிட்டேன். கன்னத்தில் விரல் பதிந்தது. அன்றிலிருந்து என்னை எனக்கே பிடிக்கவில்லை.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த இரண்டு மணிச் சுவர். வெயில் என்றாலே எல்லோரும் உச்சிப் பொழுதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். குடை பிடி, வெளியே போகாதே என்கிறார்கள். ஆனால் மேல்தள வீட்டில் இருப்பவர்களை வதைப்பது இரவு. பகல் முழுவதும் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம், பொழுது சாய்ந்த பிறகுதான் அந்தச் சூட்டை உள்ளே விடத் தொடங்குகிறது. பகலில் வாடிய உடம்பு இரவில் ஆறினால் மறுநாளைத் தாங்கும். ஆறவிடாமல் பத்து இரவுகள் போனால் யாராக இருந்தாலும் நிலைகுலைவார்கள். உங்களுக்கு நடந்திருப்பதும் அதுதான். ஆகவே, பகலோடு மல்லுக்கட்டுவதை விட்டு முதலில் இரவைக் காப்பாற்றுவோம்.

அதற்கு மொட்டை மாடிக்குப் போக வேண்டும். வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கித் தளம் முழுக்க வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். ஏசியின் விலையோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை. தளத்துக்கும் நல்லது என்பதால் அவர் மறுக்க மாட்டார் என்று நம்புகிறேன். 2010 மே மாதம் அகமதாபாத்தில் வெயில் 46.8 டிகிரியைத் தொட்டது. அந்த மாதம் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்ததாகப் பின்னர் கணக்கிட்டார்கள். அதன் பிறகு 2013இல் அந்த நகரம் வெப்பத்தைச் சமாளிக்கத் தனித் திட்டம் வகுத்தது. எளிய மக்களின் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளையடிப்பதும் பின்னால் அதில் சேர்ந்தது. வெள்ளைத் தளம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். கறுத்துப் போன சிமென்ட் தளம் அத்தனையையும் விழுங்கிக்கொள்ளும்.

இந்த வேலையை உங்கள் கணவர் ஒரு ஞாயிறு விடியலில் செய்யட்டும். சுண்ணாம்புக் கல்லாக வாங்கினால் முந்தின நாளே இரும்பு வாளியில் நீற்ற வேண்டும். தண்ணீரில் கல்லைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். கல்லின் மேல் தண்ணீரைக் கொட்டக் கூடாது. அது கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பாப்பாவை அந்தப் பக்கமே விடாதீர்கள். ஆறியதும் வடிகட்டி, கொஞ்சம் பசை கலந்து, துடைப்பத்தால் பெருக்கிய தளத்தில் இரண்டு பூச்சு அடித்தால் போதும். தண்ணீர் வசதி இருந்தால் மாலையில் தளத்தின் மேல் நான்கு வாளி தெளிக்கலாம். தேக்கி வைக்க வேண்டாம், ஒழுகும்.

வீட்டுக்குள் ஜன்னல் பழக்கத்தையும் மாற்றுங்கள். காலை எட்டு மணிக்குள் எல்லாவற்றையும் மூடித் திரையை இழுத்துவிடுங்கள். பகல் காற்று வேண்டும் என்று திறந்து வைத்தால் அனலைத்தான் அழைக்கிறீர்கள். வெளிக்காற்று ஆறிய பிறகு எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, ஒரு ஜன்னலருகே மேசை விசிறியை வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள். உள்ளே தேங்கிய சூட்டை அது தள்ளிவிடும். படுக்கையைக் கட்டிலிலிருந்து கோரைப் பாய்க்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் மாலையில் கைவைக்க முடியாமல் கொதிக்கும் என்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விடியற்காலை ஐந்து மணிக்குக் குழாயில் வரும் தண்ணீர்தான் அன்றைய நாளிலேயே மிகக் குளிர்ந்த தண்ணீர். அதை இரண்டு பெரிய வாளிகளில் பிடித்து, மூடி, குளியலறை மூலையில் வைத்துவிடுங்கள். இரவு படுக்கும்முன் எல்லோரும் அதில் குளியுங்கள். தலை துவட்டாமல் விசிறிக்கு அடியில் உட்காரும் அந்தப் பத்து நிமிடம், எந்த மருந்துக்கும் குறைந்ததில்லை.

இனி உங்கள் மாமனார். அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை, அம்மா. வயதானால் தாகம் எடுப்பதே மங்கிவிடும். உடம்பு வறண்டாலும் "தண்ணீர் கொடு" என்று நாக்கு கேட்காது. இன்னொரு காரணமும் இருக்கலாம். பல முதியவர்கள் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். இரவில் நாலு தடவை எழுந்து கழிவறைக்குப் போக வேண்டும், இருட்டில் தடுக்கி விழுந்தால் மருமகளுக்குப் பாரம் என்று பயந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்வார்கள். அதனால் "குடியுங்கள்" என்று வற்புறுத்துவதை விட்டு, மாலைக்குள் அவர் பங்கு முடியும்படி கொடுங்கள். காலையில் பானைத் தண்ணீர், பதினொரு மணிக்கு உப்புக் குறைத்த நீர்மோர், பிறகு நன்னாரி, நுங்கு, வெள்ளரிப் பிஞ்சு என்று ஆளுக்கேற்ப மாற்றுங்கள். கழிவறைக்குப் போகும் வழியில் இரவு விளக்கு எரியட்டும்.

அந்த நீர் மாத்திரையைப் பற்றி இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். உடம்பிலிருந்து நீரையும் உப்பையும் வெளியேற்றுவதுதான் அதன் வேலை. இந்த வெயிலில் அளவை மாற்ற வேண்டுமா, எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று அவர்தான் சொல்ல வேண்டும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இரத்த அழுத்தம் உள்ளவர் என்பதால், உப்புக் கரைசலையும் மருத்துவரைக் கேட்காமல் தினசரி பானம் ஆக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் மனத்தில் எழுதி வையுங்கள். அவருக்குப் பேச்சு குழறினால், கிழமை தெரியாமல் உளறினால், உடம்பு நெருப்பாய்க் கொதித்து 104 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால் அது காய்ச்சல் அன்று, வெப்பத் தாக்கு. காய்ச்சல் மாத்திரை அதற்குக் கேட்காது. 108க்கு அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை சட்டையைக் கழற்றி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு சரியில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை. வெயிலுக்கு உடம்பு பழகும் என்பது உண்மை. ஒன்றிரண்டு வாரத்தில் அது அதிகமாக வியர்க்கக் கற்றுக்கொள்ளும். அப்படியென்றால் பழகிய உடம்புக்குக் கூடுதல் தண்ணீர் வேண்டும். தூங்காமல் இருக்க எந்த ஊர்க்காரருக்கும் பழகாது. தமிழக அரசே 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. அந்தப் பேரிடருக்கு நடுவே, மூடிய சமையலறையில் அடுப்பு முன்னால் இரண்டு வேளையும் நிற்பவர் நீங்கள். கத்தரி முடிந்தால் சரியாகிவிடும் என்று அவர் சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். மே 28 வாக்கில் பஞ்சாங்கக் கணக்கு முடியும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் மழையை இறக்கிவிட்டு வரும் மேல்காற்று ஜூனிலும் வேலூரை வறுக்கும். சுண்ணாம்பு வேலை வீணாகாது.

அதுவரை அடுப்பை விடிகாலையில் ஒரே தடவை பற்ற வையுங்கள். மதியத்துக்குப் புளிக்குழம்பு போதும், அது கெடாது. பால் விட்டுப் பிசைந்த தயிர்சாதம் மதியத்திலேயே தீர்ந்துவிடட்டும். இரவுக்கு அவல் ஊறவைத்தாலும் சாப்பாடுதான். மீதிச் சோற்றில் தண்ணீர் ஊற்றிவிட்டால் காலையில் நீராகாரம். மதியம் பாப்பா சாப்பிடவில்லை என்றால் விட்டுவிடுங்கள். இந்தச் சூட்டில் உங்களுக்கே பசிக்காதபோது அவளுக்கு மட்டும் எப்படிப் பசிக்கும்? மாலையில் தானாகக் கேட்பாள்.

இனி, மகளை அறைந்ததைப் பற்றி. தூக்கமின்மையும் அனலும் மனிதரை எரிச்சல்படுத்தும். நீங்கள் கெட்ட தாய் இல்லை. ஆனாலும் வெயிலின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் கடந்து போகாதீர்கள். அவளுக்கு வெயில் கணக்கு தெரியாது, அம்மா அடித்தாள் என்பது மட்டும்தான் தெரியும். அவள் உயரத்துக்குக் குனிந்து, "அம்மா உன்னை அடித்தது தப்பு" என்று அவளிடமே சொல்லுங்கள். அடுத்த தடவை கை ஓங்க வந்தால் அவளைத் தாத்தாவிடம் விட்டுவிட்டுக் குளியலறைக்குள் போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொள்ளுங்கள்.

இன்று இரவு, விடியலில் பிடித்து வைத்த அந்த வாளிப் பக்கத்தில் அவளை நிறுத்தி, குவளையை அவள் கையில் கொடுங்கள். முதல் குவளைத் தண்ணீரை அவள் உங்கள் தலையில் ஊற்றட்டும்.