ஓப்பனிங் டைட்டிலுக்கு 4 லட்சம் குடுக்கலாமா?

வாசகர் கேட்டது இதுதான். முதல் படம், சின்ன பட்ஜெட், 1 மணி 50 நிமிஷம் ஓடுது, எடிட் முடிஞ்சாச்சு. 3 நிமிஷத்துக்கு தனியா ஓப்பனிங் டைட்டில் பண்ணித் தர்றேன், 4 லட்சம் ஆகும், பாதி அட்வான்ஸ் வேணும்னு ஒருத்தர் சொல்றாராம். குடுக்கலாமா?

இப்போதைக்கு குடுக்காதீங்க.

பேர் போடறது மட்டும்தான் வேலைன்னா கறுப்புல வெள்ளை எழுத்தே போதும், உங்க எடிட்டரே ஒரு நாள்ல போட்டுடுவாரு. டைட்டிலோட நிஜமான வேலை, இது எந்த மாதிரி படம்னு ஆடியன்ஸ் மனசை தயார் பண்றது. முன்னாடியெல்லாம் அமெரிக்காவுல நிறைய தியேட்டர்ல பேர் ஓடி முடியற வரைக்கும் ஸ்க்ரீனை மறைச்ச துணியையே விலக்க மாட்டாங்க. 1955ல 'தி மேன் வித் தி கோல்டன் ஆர்ம்' படத்துக்கு சால் பாஸ்ங்கற டிசைனர் டைட்டில் பண்ணப்ப, டைட்டிலுக்கு முன்னாடியே துணியை விலக்கிடுங்கன்னு ஆபரேட்டருக்கு பிலிம் டப்பாவுல சீட்டு ஒட்டி அனுப்பினாங்க. அதுல இருந்தது கறுப்பு பேக்ரவுண்ட்ல சில வெள்ளைப் பட்டைங்கதான், ஒண்ணொண்ணா வந்து கடைசியில கோணல்மாணலா ஒரு கையா மாறி நிக்கும். போதை ஊசிக்கு அடிமையானவன் கதை அது. அந்த ஒரு கை போதும், படம் எதைப் பத்தினதுன்னு வயித்துல இறங்கிடும். 1992ல அண்ணாமலைக்கு புள்ளி புள்ளியா சூப்பர் ஸ்டார்னு எழுத்து விழுந்துச்சே, அதுவும் ஆடியன்ஸை தயார் பண்றதுதான், ஆனா அதுக்கு ரஜினி வேணும்.

உங்களுக்கு 3 நிமிஷ டைட்டில் தேவைப்படற இடம் எனக்குத் தெரிஞ்சு ஒண்ணுதான். கதையில பெரிய கால இடைவெளி இருக்கணும். ஹீரோவோட சின்ன வயசு, அப்பா கடன்ல மூழ்கினது, ஊரை விட்டு வந்ததுன்னு சொல்லியே ஆகவேண்டிய விஷயம் இருந்து, அதை சீனா எடுத்தா 15 நிமிஷம் இழுக்கும்னா, டைட்டில்ல வெச்சு முடிச்சுடலாம், அப்ப அந்தக் காசு வீண் இல்ல. ஆனா அங்கயும் ஒண்ணு கவனிக்கணும், மனுஷனால ஒரே நேரத்துல பேரைப் படிச்சுக்கிட்டே முகத்தையும் பார்க்க முடியாது, அதனால முக்கியமான ஷாட்ல பேர் போடக்கூடாது, அப்பா கையெழுத்து போடற ஷாட்ல கேமராமேன் பேர் வந்தா ரெண்டுமே போச்சு. பேர் ஷாட், கதை ஷாட்னு மாத்தி மாத்தி வைக்கணும். அதுக்கு எடிட்டர் கூட உட்காரணும், டிசைனர் தனியா அவர் ரூம்ல பண்ணி பென் டிரைவ்ல குடுக்கற வேலை இல்ல இது. உங்க கதை ஒரே வாரத்துல நடக்குதுன்னா இதை மறந்துடுங்க.

இப்ப அந்த ஆள் விஷயம். இந்த மாதிரி நடுவுல நிக்கிறவங்க நிறைய பேர் டிசைனரே கிடையாது. யாரோ பண்ணின வேலையை தன்னோட ஷோரீல், அதாவது சாம்பிள் வீடியோன்னு காட்டி அட்வான்ஸ் வாங்குவாங்க, நெட்ல விக்கிற டெம்ப்ளேட்ல உங்க படத்துப் பேரை மாத்தி குடுத்துடுவாங்க. அதோட வர்ற மியூசிக்குக்கு உரிமை வாங்கியிருக்க மாட்டாங்க, நாளைக்கு யூடியூப்ல போட்டா காப்பிரைட் கிளைம் உங்க மேல வரும். ஃபான்ட்டும் அப்படித்தான், சொந்த உபயோகத்துக்கு மட்டும்னு இலவசமா குடுத்ததை எடுத்து கமர்ஷியல் படத்துல போட்டுடுவாங்க. தமிழ் எழுத்தை இன்னும் உஷாரா பாருங்க, சாஃப்ட்வேர் செட்டிங் சரியில்லன்னா 'கொ'வுல எழுத்துக்கு முன்னாடி வரவேண்டிய கொம்பு பின்னாடி போய் நிக்கும், தமிழ் படிக்கத் தெரியாத டிசைனருக்கு அது தப்புன்னே தெரியாது. ப்ராஜெக்ட் ஃபைல், அதாவது திறந்து திருத்தக்கூடிய மூல ஃபைல், குடுப்பேன்னு எழுதி வாங்காம ஒரு ரூபா குடுக்காதீங்க, இல்லன்னா ஒவ்வொரு பேர் திருத்தத்துக்கும் தனி பில் வரும்.

அப்புறம் உங்க டைட்டிலுக்கு முன்னாடி என்னல்லாம் ஓடுதுன்னு எண்ணிப் பார்த்தீங்களா? சென்சார் சர்டிஃபிகேட். படத்துல யாராவது சிகரெட் பிடிச்சா புகையிலை எச்சரிக்கைப் படம் 30 செகண்ட், அதுபோக குரலோட ஒரு எச்சரிக்கை 20 செகண்ட், இது ரெண்டும் இடைவேளை சமயத்துல மறுபடியும். மாடு நாய் இருந்தா விலங்குகளை துன்புறுத்தலன்னு கார்டு. கம்பெனி லோகோ மூணு, நன்றி கார்டு வரிசையா. ஆடியன்ஸ் இதுலயே சலிச்சுடறாங்க, எல்லாத்தையும் ஒழுங்கா சுருக்கி ஒரு இடத்துல வைங்கன்னு சொன்னா கேக்கறதுக்கு ஆள் இல்ல. இதுக்கு மேல 3 நிமிஷம் பேர் ஓடினா யார் உட்காருவா? 40 செகண்ட்ல மெயின் பேருங்களை முடிச்சு மிச்சத்தை கடைசியில போடுங்க.

சென்சாருக்கு போறதுக்கு முன்னாடி பேர் லிஸ்ட்டை தயார் பண்ணி, ன, ண, ர, ற எல்லாம் பார்த்து, பேர் வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் கையெழுத்து வாங்கிடுங்க. சர்டிஃபிகேட் வந்தப்புறம் மாத்தினா மறுபடி அங்க போய் சொல்லணும், அந்த அலைச்சல் ரிலீஸ் வாரத்துல வேண்டாம். லிஸ்ட் முடிஞ்சதும் அந்த ஆளை கூப்பிட்டு உங்க கதைக்கு 6 ஃப்ரேம் வரைஞ்சு காட்டச் சொல்லுங்க, வரைஞ்சு காட்டினா பேசுங்க.