வெளிநாட்டவருக்குக் கதவடைத்திருந்த பெய்ஜிங் அரண்மனைக்குள் மத்தேயோ ரிச்சி எப்படி நுழைந்தார்?

சுருக்கமாகச் சொன்னால், கடிகாரத்தால். ஆனால் அதற்கு முன் கிட்டத்தட்ட இருபது வருட உழைப்பு இருக்கிறது.

இத்தாலியரான இந்த இயேசு சபைத் துறவி 1582இல் மக்காவ் வந்தார். முதலில் தலையை மழித்து, பௌத்த பிக்கு போல உடுத்தினார். படித்த அதிகாரிகளிடம் அந்த உடைக்குப் பெரிய மதிப்பில்லை என்று புரிந்ததும், 1595இல் தாடி வளர்த்து, கன்ஃபூசிய அறிஞர்களின் பட்டு அங்கிக்கு மாறினார். என்னைக் கேட்டால், கடிகாரத்தைவிட இந்த மாற்றம்தான் பெரிய விஷயம்.

1601இல் பெய்ஜிங் சேர்ந்து, வான்லி பேரரசருக்குத் தானாக மணியடிக்கும் இரண்டு கடிகாரங்களைப் பரிசளித்தார். சாவி கொடுக்கவும் பழுது பார்க்கவும் ஆண்மை நீக்கப்பட்ட அரண்மனைப் பணியாளர்கள் நால்வருக்குக் கற்றுக்கொடுத்தார். பேரரசருக்குச் சிறிய கடிகாரத்தின் மேல் அப்படி ஓர் ஆசை. அம்மா அதைப் பார்க்கக் கேட்டபோது, திரும்பி வராமல் போய்விடுமோ என்ற பயத்தில், மணி அடிக்காதபடி சாவி கொடுக்காமலே அனுப்பினாராம்! மணி அடிக்காத கடிகாரம் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. கடிகாரம் திரும்பி வந்துவிட்டது.

சரி, பேரரசரை ரிச்சி நேரில் பார்த்தாரா? இல்லை. காலியான சிம்மாசனத்தைத்தான் வணங்கினார். அப்புறம் சீன அறிஞர் ஷு குவாங்சியுடன் சேர்ந்து, பண்டைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிடின் வடிவியல் நூலில் முதல் ஆறு பகுதிகளைச் சீனத்தில் கொண்டுவந்தார். 1610இல் அவர் இறந்தபோது, பெய்ஜிங்கிலேயே அடக்கம் செய்யப் பேரரசர் நிலம் கொடுத்தார்.